நிலக்கரி மலைகளின் வண்டல் குளங்கள்

சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே

மேற்கு வர்ஜீனியாவின் தலைநகரான சார்ல்ஸ்டனில் கனாவா ஆற்றைக் கடந்து தெற்கே திரும்பினால் சில மைல்களிலேயே சமவெளி தீர்ந்துவிடுகிறது. நீலகிரியும் கொல்லிமலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்பலாச்சிய மலைகள் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஓங்கி நிற்கும் சிகரம் கிடையாது. எந்த மலையும் பக்கத்து மலையைவிடப் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் எல்லாமே செங்குத்து. ஒரு பழைய பீடபூமியை ஓடைகள் நெடுங்காலம் அரித்துப் பிளந்ததில் உண்டான நிலம் இது. மலைக்கும் மலைக்கும் நடுவிலுள்ள இடுக்கை இங்குள்ளவர்கள் ‘ஹாலர்’ என்கிறார்கள். ஒவ்வொரு ஹாலரிலும் ஓர் ஓடை, அதை ஒட்டி ஒரு சாலை, பல இடங்களில் கரி ஏற்றிச் செல்லும் ரயில் பாதை, எஞ்சிய துண்டு நிலத்தில் வரிசையாக வீடுகள். மேலே பெய்யும் மழை கீழே இறங்க ஓடையை விட்டால் வழியில்லை. அது பெருகினால் வீடுகள் விலகிப்போகவும் இடமில்லை.

நிலக்கரி இந்த மலைகளுக்குள் அடுக்கடுக்காக, ஏறக்குறைய கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது. மேல் அடுக்குகளைச் சுலபமாக எடுக்க மலையின் தலையையே வெடிவைத்து இறக்குகிறார்கள். உடைத்த பாறை, உடைக்காத பாறையைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். எடுத்த இடத்திலேயே எல்லாவற்றையும் திருப்பி வைக்க முடியாது. மிச்சத்தைப் பக்கத்து ஹாலரின் தலைப்பகுதியில் கொட்டி நிரப்புகிறார்கள். 1985-க்கும் 2001-க்கும் இடையில் மட்டும் இப்படி மூடப்பட்ட ஓடைகளின் நீளம் 724 மைல், அதாவது சுமார் 1,165 கிலோமீட்டர் என்பது அமெரிக்க அரசின் சொந்தக் கணக்கு. இந்த நிரப்பு மேடு ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு குளம் இருக்கும். மேட்டிலிருந்து வழியும் சேற்றுத் தண்ணீரைத் தேக்கி, மண்ணைப் படியவிட்டு, தெளிந்த நீரை ஓடையில் விடுவது அதன் வேலை. ராட்சத இயந்திரங்களைப் படம் பிடிப்பவர்கள் இந்தக் குளங்களைக் கவனிப்பதில்லை. சுரங்கத்துக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் கடைசிக் காவல் இதுதான். அந்தக் காவலின் வெற்றி தோல்வி மலைச்சரிவிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதும், குளத்தை மட்டும் கணக்குப் பார்த்து அனுமதி கொடுக்கும் முறை ஆற்றைக் காப்பாற்றாது என்பதும் இந்த வழியில் திரும்பத் திரும்பத் தெரிந்தன.

கோல் ரிவர்

கோல் ரிவர் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் பெட்ரோல் பங்குதான் டீக்கடை, மெஸ், செய்தி நிலையம் எல்லாம். காலையில் பிஸ்கட் என்ற பெயரில் கிடைப்பது நம்மூர் பிஸ்கட் இல்லை. பன் போன்ற உப்புப் பண்டம், நடுவே முட்டையும் இறைச்சியும். மதியத்துக்குப் பெப்பரோனி ரோல். நிலத்தடியில் சூடாக்க வழியில்லாத சுரங்கத் தொழிலாளிகளுக்காக இத்தாலியக் குடியேறிகள் உருவாக்கிய கட்டுச்சோறு அது. வசந்தம் வந்தால் ராம்ப் என்ற காட்டுப்பூண்டை மலையிலிருந்து பறித்து வந்து உருளைக்கிழங்கோடு வதக்குகிறார்கள். வெளியே நிற்கும் வண்டிகள் பலவற்றில் ‘நிலக்கரியின் நண்பர்கள்’ என்ற வாசகம் நம்பர் பிளேட்டிலேயே இருக்கிறது. அந்த வண்டிக்காரர் ஒருவரோடு அதே மேஜையில், சுரங்கம் வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று சொல்பவரும் உட்கார்ந்திருப்பார். இருவரும் உறவினர்களாகவே இருப்பதுண்டு. வெளியூர்க்காரர்கள் இந்த மக்களைச் சுரங்கத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் அந்தக் கோடு ஒரே வீட்டுக்குள் ஓடுகிறது.

ஒரு வண்டல் குளத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தமிழ்நாட்டு ஏரியின் உறுப்புகள் எல்லாம் தெரியும். வரத்துக்கால் உண்டு, நிரப்பு மேட்டின் இருபுறமும் கருங்கல் பரப்பிய கால்வாய்கள் தண்ணீரை இறக்குகின்றன. கரை உண்டு. மதகின் இடத்தில் ஒரு செங்குத்துக் குழாய் நீரிலிருந்து தலையை நீட்டி நிற்கிறது. சருகு அடைக்காமலிருக்க அதன் தலையில் கம்பிக்கூண்டு. கரையின் ஓரத்தில் கல் பாவிய கலிங்கு. வெளியேறும் வாயில் ஓர் எண் எழுதிய பலகை. அந்த எண்ணின் பெயரில்தான் நீர் மாதிரி எடுத்து அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வேறுபாடு வண்டலில் இருக்கிறது. நம் ஏரியில் படியும் வண்டல் வயலுக்கு உரம். உழவர்கள் கேட்டு வாங்கி வண்டியில் அள்ளிப்போவார்கள். இங்கே படிவது உடைந்த பாறையின் தூள், யாருக்கும் வேண்டாத பொருள்.

படிவது எப்படி என்பதில்தான் வடிவமைப்பின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு மூன்று மணி நேரம் ஆகும். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வேண்டும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும் என்பது ஸ்டோக்ஸ் விதி. இத்துடன் ஆலன் ஹேசன் என்ற பொறியாளர் 1904-இல் காட்டிய உண்மையைச் சேர்க்க வேண்டும்: குளம் எந்த அளவு துகளைப் பிடிக்கும் என்பதை முதலில் நிர்ணயிப்பது ஆழம் அல்ல, நீர்ப்பரப்பு. வெளியேறும் நீரின் அளவைப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் வேகத்தைவிட மெதுவாக இறங்கும் துகளில் ஒரு பகுதி தப்பிப்போகும்; எவ்வளவு மெதுவோ அவ்வளவு அதிகம். நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் வெளியேறும் குளம் 0.01 மில்லிமீட்டர் துகளைப் பிடிக்க ஒரு ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பு வேண்டும். அதே குளம் 0.001 மில்லிமீட்டர் களிமண்ணைப் பிடிக்க நூறு ஹெக்டேருக்கு மேல் வேண்டும். சாலையும் ஓடையும் உரசிக்கொண்டு போகும் ஹாலரில் நூறு ஹெக்டேர் நீர்ப்பரப்புக்கு எங்கே போவது? ஆழம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆழம் வெள்ளத்தை நிறுத்திவைத்து வெளியேற்றத்தைக் குறைக்கிறது, படிந்த மண் மறுபடி கலங்காமல் காக்கிறது. ஆனால் களிமண் மிகுந்த சரிவுக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கலங்கல் வெளியே போகத்தான் செய்யும்.

சட்டம் இதை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்க்கலாம். அமெரிக்கக் கூட்டரசின் விதிப்படி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் ஒரு நாளில் லிட்டருக்கு 70 மில்லிகிராமையும், முப்பது நாள் சராசரியில் 35 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கண்டிப்பான வரம்புதான். மழை வந்தால் வரம்பு மாறிவிடுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர மழை வரைக்கும், ‘படியக்கூடிய திடப்பொருள்’ லிட்டருக்கு 0.5 மில்லிலிட்டருக்குள் இருந்தால் போதும். அந்த மழையையும் தாண்டினால் அமில காரத் தன்மை மட்டுமே பார்க்கப்படும். படியக்கூடிய பொருளை அளக்க ஒரு லிட்டர் பிடிக்கும் கூம்புக் கண்ணாடியில் நீரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு அடியில் தங்கியதைப் படிக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் அந்தக் கூம்பின் அடியைத் தொடுவது பெரும்பாலும் 0.01 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள்தான். மேலே நிற்கும் நீர் தேநீர் நிறத்தில் இருந்தாலும் கூம்பு நல்ல கணக்கையே காட்டும். ஆண்டு முழுவதும் அரித்து வரும் மண்ணில் பெரும்பங்கு சில பெருமழைகளில் வருகிறது. அந்தச் சில நாட்களில்தான் அளவுகோல் தளர்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பெருமழையில் காட்டு ஓடையும் கலங்கலாகத்தானே ஓடும், இயற்கையே செய்யாததைச் சுரங்கம் செய்ய வேண்டும் என்று கேட்கலாமா என்பார்கள். காட்டில் இலைச்சருகு மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது, வேர் மண்ணைப் பிடிக்கிறது, ஊறிய நீர் மெதுவாக இறங்குகிறது. அங்கே கலங்கல் வருவது வேறு, மேல்மண் நீக்கிய வெற்றுச் சரிவிலிருந்து வருவது வேறு. இதே பள்ளத்தாக்கில், வைட்ஸ்வில் ஊரை ஒட்டிய செங் க்ரீக் அதற்குச் சாட்சி. 2001 ஜூலை 8 அன்று மாநிலத்தின் தென்பகுதியில் பெருவெள்ளம் வந்தது. அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு செங் க்ரீக் உட்பட மூன்று ஓடைகளின் நீர்ப்பிடிப்பை ஆராய்ந்து, சுரங்கமும் மரம் வெட்டுதலும் வெள்ளத்தைக் கூட்டின என்று 2002-இல் சொன்னது. அதன் பிறகு, சுரங்கத்துக்கு முன்பிருந்த உச்ச வெள்ளத்தைவிடக் கூடுதலாக வெளியே விடக் கூடாது என்று கணக்குக் காட்டும் கடமை அனுமதி கேட்பவர்கள்மீது வந்தது. கீழேயிருக்கும் குளத்தை விட்டு மேலேயிருக்கும் சரிவைப் பார்க்கச் சொன்ன முதல் நல்ல விதி என்று இதைச் சொல்வேன்.

பஃபலோ க்ரீக்

சாண்டர்ஸிலிருந்து மேன் வரை ஓடும் பஃபலோ க்ரீக்கில் 1972 பிப்ரவரி 26 காலை நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கரி கழுவிய கழிவைக் கொட்டியே எழுப்பிய ஓர் அணை, பல நாள் மழைக்குப் பிறகு உடைந்தது. 13 கோடி காலனுக்கு மேற்பட்ட கரிய நீர் ஹாலர் வழியாக இறங்கியது. 125 பேர் இறந்தார்கள். அங்கே வாழ்ந்த ஐயாயிரம் பேரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். நிறுவனத் தரப்பு அதைக் கடவுளின் செயல் என்றது. அந்த அணையில் உபரி நீர் போக இருந்தது 24 அங்குலக் குழாய் ஒன்றுதான். ஒழுங்கான கலிங்கு இல்லை. கலிங்கில்லாத ஏரியை எந்தத் தமிழ்க் கிராமமும் கட்டியிராது. சமூகவியலாளர் காய் எரிக்சன் தப்பியவர்களிடம் பேசி 1976-இல் எழுதிய நூல், மழை பெய்தாலே தூக்கம் இழந்த மனிதர்களைப் பதிவு செய்திருக்கிறது.

உடைந்தது கழிவணை. வண்டல் குளம் வேறு வகை, அளவிலும் மிகச் சிறியது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியல்ல. ஆனாலும் குளத்தைப் பெரிதாக்கினால் பிரச்சினை தீரும் என்ற வாதத்துக்கான பதில் இங்கேதான் கிடைக்கிறது. ஆட்கள் வாழும் இடுக்குக்கு மேலே கரையை உயர்த்த உயர்த்தத் தெளிவு கொஞ்சம் கூடலாம். ஆபத்து அதைவிட வேகமாகக் கூடும். லோகன் பக்கத்து லைபர்னில் 2002 ஜூலையில் பெருமழையின்போது ஒரு சுரங்கத்தின் வண்டல் குளமே உடைத்துக்கொண்டு வீடுகளையும் வண்டிகளையும் அடித்துப் போனது. உயிர்ச்சேதம் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

பெரிதாக்க முடியாது என்றால் இருக்கும் அளவாவது போதுமா? மேற்கு வர்ஜீனியாவில் கலைக்கப்பட்ட நிலம் ஒவ்வோர் ஏக்கருக்கும் 0.125 ஏக்கர்-அடி வண்டல் கொள்ளளவு கேட்கப்படுகிறது. நிலம் முழுவதும் ஒன்றரை அங்குல ஆழம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அறுபது விழுக்காடு நிரம்பியதும் தூர்வார வேண்டும். இந்த மலைகளில் பத்தாண்டு மழை என்பது ஒரு நாளில் ஏறத்தாழ 9 முதல் 10 சென்டிமீட்டர். அந்தப் பெயர் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்ற எண்ணத்தைத் தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். இருபது ஆண்டு நடக்கும் சுரங்கம் அதைவிடப் பெரிய மழை ஒன்றையாவது சந்திக்க 88 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே அந்த மழையை விபத்தாகக் கருத முடியாது; சுரங்கத்தின் ஆயுளுக்குள் வரப்போகும் ஒரு நாள் அது. தூர்வாராத குளத்தில் அந்த நாள் வந்தால், பல மாதம் படிந்த மண்ணையும் கிளப்பிக்கொண்டு போகும். ஒரு குளத்தின் வரைபடத்தைவிட அதைத் தூர்வாரிய தேதிகளின் பட்டியல் அதிகம் சொல்லும் என்று நினைக்கிறேன்.

மட் ரிவர்

லோகனிலிருந்து வடக்கே சார்ல்ஸ்டன் திரும்பும் நெடுஞ்சாலை மலைகளை வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு மேற்கே, மட் ரிவரின் தலைப்பகுதியில், ஹோபெட் 21 என்ற சுரங்கம் பல ஆயிரம் ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. சுற்றிலும் ஓக், பாப்லர், மேப்பிள் அடர்ந்த காடு; நடுவில் அலையலையான புல்வெளி. பச்சையாகத்தான் இருக்கிறது, முதல் பார்வைக்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் இந்தப் பச்சைக்குக் கீழே இயந்திரங்கள் ஏறி இறங்கி மண் கெட்டித்துப் போயிருக்கிறது. 1977-இல் சுரங்க நில மீட்புச் சட்டம் வந்த பிறகு, சரிவு வழுக்கிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் மண்ணை அழுத்திச் சமன்படுத்திப் புல் விதைத்தார்கள். கெட்டித்த மண்ணில் மழை ஊறாது, வழிந்தோடும். மர வேர் இறங்காது. குளத்துக்கு வரும் வெள்ளம் மேலேயே கூடிவிட்டது. 2004-இல் தொடங்கிய அப்பலாச்சிய மறுகாடாக்க முயற்சி, நாலடி ஆழத்துக்கு மண்ணை அழுத்தாமல் தளர்வாக விட்டு மரம் நடச் சொல்கிறது. தளர்ந்த மண் அரித்துப் போய்விடாதா என்ற பயம் இயல்பானது. கரடுமுரடாக விட்ட பரப்பு நீரை அங்கங்கே குழிகளில் தேக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறது; சரிவைக் கண்ணாடிபோல் இழைத்து வைப்பதுதான் ஓட்டத்தை வேகப்படுத்துகிறது. நல்ல வண்டல் குளத்தின் முதல் வரைபடம் இந்தச் சரிவில் போடப்பட வேண்டும்: ஒரே சமயத்தில் எத்தனை ஏக்கர் திறந்திருக்கலாம், காட்டிலிருந்து வரும் நல்ல நீரைச் சுரங்கத்தில் கலக்காமல் எப்படிச் சுற்றி அனுப்புவது, எடுத்து முடித்த பகுதியை எந்த மாதத்துக்குள் மூடுவது என்பவை.

குளம் செய்யவே முடியாத ஒரு வேலையும் இந்த ஆற்றில் தெரிகிறது. உடைத்த பாறைக்குள் புகுந்த மழைநீர் சல்பேட்டையும் பிற உப்புகளையும் செலினியத்தையும் கரைத்து எடுத்து வருகிறது. கரைந்த பொருள் எந்தக் குளத்திலும் படியாது. மட் ரிவரின் மேற்பகுதியில் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, நீர்ப்பிடிப்பில் சுரங்கப் பரப்பு கூடக் கூட ஆற்றில் உப்பும் செலினியமும் கூடியதைக் காட்டியது. நெடுநாளுக்கு முன்பே மீட்டதாகச் சொல்லப்பட்ட நிலங்களும் அதில் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தன. கடைசி விதைப்புக்கு இரண்டாண்டு கழிந்ததும் வண்டல் குளத்தை எடுத்துவிட விதி அனுமதிக்கிறது. உப்பு அதற்குப் பிறகும் வந்துகொண்டேயிருக்கும். கண்ணுக்குத் தெளிந்த நீரில் மேஃப்ளை போன்ற ஓடைப்பூச்சிகள் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கும் வேதிப்பொருட்கள் இருக்கின்றனவே என்பவர்களுக்கும் இதுவே பதில். அவை களிமண் வரைக்கும் உதவும், மழைக்குத் தக்கபடி அளவை மாற்றிக்கொண்டே இருக்க ஆளிருந்தால். கரைந்த உப்பை அவை தொடுவதில்லை.

நிரப்பு மேட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலுள்ள ஓடைத் துண்டு யாருடையது என்று ஒரு வழக்கே நடந்தது. அதுவும் பொதுநீர்தான், அதில் கழிவை விடத் தனி அனுமதி வேண்டும் என்று 2007-இல் நீதிபதி ராபர்ட் சேம்பர்ஸ் தீர்ப்பளித்தார். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தத் துண்டு சுத்திகரிப்பு அமைப்பின் பகுதியாகக் கொள்ளப்பட்டது. முதல் தீர்ப்பே சரி என்பது என் எண்ணம். ஓடையின் நடுவில் குளம் கட்டிவிட்டு, அதற்கு மேலுள்ள ஓடையைக் குழாயாகக் கணக்கிட்டால், எவ்வளவு கீழே குளம் கட்டுகிறோமோ அவ்வளவு ஆறு கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

நெய்வேலி

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் தூரத்து நாட்டுக் கதையாக இருக்க வேண்டியதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும் திறந்தவெளிச் சுரங்கத்தில்தான் எடுக்கப்படுகிறது. அங்கே ஹாலர் கிடையாது. சமவெளியில் மனிதன் எழுப்பிய மண் மேடுகள், அவற்றைச் சுற்றி ஏரிகளும் நெல்வயல்களும் கிராமங்களும். மேல்மண்ணில் வெண்களிமண் அடுக்குகள் உண்டு. மழையோ அப்பலாச்சிய மழை அல்ல: 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மேற்கு வர்ஜீனியாவின் பத்தாண்டு மழையைப் போல அது நான்கு மடங்கு. அந்த நாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்து வந்தால் இங்கே ஒரு வடகிழக்குப் பருவமழைக்குக்கூடத் தாங்காது.

எழுத்தளவில் நம் நிபந்தனை அமெரிக்க விதியைவிடக் கடுமையானது என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் திறந்தவெளிச் சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது வழக்கமாகச் சேர்க்கப்படும் நிபந்தனை, 50 ஆண்டு மழைக் கணக்கின் உச்சத்துக்கு மேல் 50 விழுக்காடு கூடுதலாக நீர்த்தேக்கக் குழிகளின் கொள்ளளவு இருக்கச் சொல்கிறது. வண்டல் படியப் போதிய நேரம் கொடுக்கச் சொல்கிறது. சுற்று வடிகால்களின் மூலைகளில் படிவுக் குழி வெட்டி முறையாகத் தூர்வாரச் சொல்கிறது. போதிய நேரம் என்றால் எத்தனை மணி நேரம், எந்தத் துகளுக்கு என்ற இடத்தில்தான் அந்த வாசகம் மௌனமாகிவிடுகிறது. மணலுக்கா, களிமண்ணுக்கா என்பதைப் பொறுத்து அது இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், பதின்மூன்று நாளாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் கேட்டால் செலவு கூடும், வேலை போகும் என்பது கோல் ரிவரிலும் சொல்லப்படுகிறது, கடலூர் மாவட்டத்திலும் சொல்லப்படுகிறது. வேலை முக்கியம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திறந்த பரப்பைக் குறைவாக வைப்பதும், முடிந்த பகுதியை உடனே மூடி மரம் நடுவதும், குழிகளைத் தூர்வாருவதும் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் பணிகள். செய்யாமல் விட்டால் அந்தச் செலவு மறைவதில்லை. ஏரி தூர்ந்து, வாய்க்கால் அடைத்து, அது உழவர் தலையில் விழுகிறது.

அனுமதி நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார்கள் என்று சுரங்க நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அவை பொது ஆவணங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் அதை எடுத்துப் படியுங்கள். மேட்டு மண்ணின் துகள் அளவு என்ன, குளத்தின் நீர்ப்பரப்பு எவ்வளவு, கடைசியாகத் தூர்வாரிய தேதி எது என்ற மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பருவமழை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.